பதில்: நிர்வாணத்தை அனுமதித்தால் குற்றம் கூடுமா? விவாதத்துக்கு உதவி

வணக்கம். 'பொது இடத்தில் நிர்வாணத்தை அனுமதித்தால் பாலியல் குற்றம் பெருகும்' என்பதை எதிர்த்துப் பேச வேண்டும், ஸ்வீடனில் பதிவாகும் பாலியல் குற்றங்கள் அதிகம் என்ற புள்ளிவிவரத்தை எதிரணி நீட்டினால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். அங்கே ஒரே ஆள் ஒருத்தியிடம் பத்து முறை அத்துமீறியதாகப் புகார் வந்தால் பத்துக் குற்றமாகவே பதிவாகும். 2005-ல் பாலியல் வல்லுறவின் சட்ட வரையறையையும் விரித்தார்கள். எண் கூடாமல் என்ன செய்யும்? ஆனால் 'எப்படி எண்ணினார்கள்?' என்ற இதே கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும். அதனால் 'நிர்வாணத்துக்கு இடம் கொடுக்கும் ஜெர்மனியைப் பாருங்கள்' என்று நீங்களும் நாடுகளை ஒப்பிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தைப் பிடியுங்கள். இங்கிலாந்தின் 2003 பாலியல் குற்றச் சட்டப்படி, பிறப்புறுப்பைக் காட்டினால் மட்டும் போதாது; பார்ப்பவரைப் பதறவைக்கும் நோக்கமும் இருக்க வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வெயில் காய்பவரும், புதர் மறைவிலிருந்து ஒரு பெண் முன் திடீரென்று திறந்து காட்டுபவனும் ஒன்றா? இதைக் கேளுங்கள்.

அப்புறம், 'என் பிள்ளைகள் பார்க்கக் கூடாது' என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அது நியாயமான கூச்சம். குற்றம் பற்றிய வாதம்தான் அல்ல. மியூனிக்கிலும் நிர்வாணமாக வெயில் காய்வதற்கென்று இடம் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.