ஆமைக் குஞ்சு வாங்கும் முன்

கேள்வி: கடையில் சிறிய பச்சை ஆமைக் குஞ்சுகளைப் பார்த்ததிலிருந்து என் 10 வயது மகன் ஒன்று கேட்டு அடம்பிடிக்கிறான். வீட்டில் 3 வயதுக் குழந்தையும் உண்டு. நோயில்லாத ஆமையை எப்படித் தெரிந்தெடுப்பது? – வாசகி, கோவை

பதில்: முதலில் அது என்ன ஆமை என்று பாருங்கள். நட்சத்திர ஆமையையோ கிணறு, குளங்களில் வாழும் பால் ஆமையையோ யாராவது நீட்டினால் விலகி வந்துவிடுங்கள். இரண்டும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருந்தாலே சிறைதான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்வதற்கு 2024இல் விதிகள் வந்துள்ளன. இந்த இனத்துக்குப் பதிவு தேவையா என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரசீதும் கேட்டுப் பெறுங்கள்.

கடையில் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் தொட்டியருகே நில்லுங்கள். நல்ல ஆமை ஆளைக் கண்டதும் நீரில் பாய்ந்து ஒளியும், அல்லது தீனிக்காக நீந்தி வரும். ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பதையும் வாயைத் திறந்து மூச்சு விடுவதையும் மூக்கில் குமிழி வருவதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரல் தொற்றின் அடையாளங்கள் அவை. வீங்கி மூடிய கண்கள் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவைக் காட்டும். காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் இப்படித்தான் ஆகும்.

பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். கால்களை உதைத்துத் திமிற வேண்டும். பின்னங்காலை மெல்ல இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். குஞ்சின் ஓடு சற்றே வளைந்து கொடுப்பது இயல்பு. வளர்ந்த ஆமையின் ஓடு விரலுக்கு அமுங்கினால் கால்சியமும் புற ஊதா ஒளியும் போதவில்லை என்று பொருள். கீழோட்டில் சிவந்த திட்டுகளோ துர்நாற்றமோ இருந்தால் வாங்க வேண்டாம். ஒரே தொட்டியில் நோயாளி ஆமை இருந்தால், மற்றது எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் அந்தக் கடையே வேண்டாம்.

என்னைக் கேட்டால், குஞ்சையே வாங்காதீர்கள். கட்டைவிரல் அளவில் இருக்கும் இது, பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். 20, 30 ஆண்டுகள் வாழும். கடைக்காரர் தரும் கண்ணாடிக் கிண்ணம் அதற்குச் சில மாதம்கூடத் தாங்காது. வடிகட்டி, வெயில் காயத் திட்டு, புற ஊதா விளக்கு என்று ஆமையின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். அதனால்தான் பலர் பாதியில் கைவிட்டுக் குளத்தில் விடுகிறார்கள். அங்கே அது நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. அப்படி விட நினைக்கும் ஒருவரிடமிருந்து வளர்ந்த ஆமையை வாங்குவது நல்லது. முழு அளவு கண்ணெதிரே தெரியும். ஓட்டையும் சரியாகச் சோதிக்கலாம்.

ஆனால் உங்கள் வீட்டு நிலையில் இன்னொன்று உண்டு. நன்றாக இருக்கும் ஆமையும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். இதனால் குழந்தைகள் நோயுற்றதால்தான் அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. 5 வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்து அதிகம். சின்னவளுக்கு 5 வயது ஆகும்வரை பொறுத்திருப்பதே என் யோசனை. இப்போதே வாங்குவதானால் தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆமையைத் தொட்டதும் மகன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சின்னவளின் கைக்கு அது எட்டவே கூடாது.