காய்ந்து கிடக்கும் வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கத்தில் பூங்கா: அனுமதி ஏன் கிடைக்கவில்லை?

பூங்காவில் கழிப்பறை, வண்டி நிறுத்தம், மின் இணைப்புள்ள எதுவானாலும் சரி, வெள்ள மட்டத்துக்கு (வெள்ளத்தின்போது நீர் ஏறும் உயரத்துக்கு) மேலே கொண்டுபோய்விடுங்கள். கீழே, மூழ்கினாலும் கழுவிவிட்டுப் பயன்படுத்தக்கூடியவை மட்டும்: நடைபாதை, புல்வெளி, திறந்த திடல்.

“பெரும்பாலும் காய்ந்துதானே கிடக்கிறது, பூங்காவாக்க ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளம் வந்தால் பிடித்துவைக்கக் காலியாகக் கிடப்பதுதான் அந்த நீர்த்தேக்கத்தின் வேலை. நீங்கள் கொட்டி மேடாக்க நினைக்கும் ஒவ்வொரு கன மீட்டர் மண்ணும் வெள்ளம் தங்கும் இடத்தைத் தின்கிறது. மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தவிர, பெயர்ந்து மிதக்கும் பெஞ்சும் வேலியும் மதகின் கம்பித் தடுப்பில் போய் அடைத்துக்கொள்ளும்.

பழைய நீர்மட்டப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, சமவுயரக்கோட்டு வரைபடத்தில் (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் வரைபடம்) வைத்துப் பாருங்கள். எந்த உயரம் எத்தனை நாள் மூழ்கியிருந்தது என்று தெரிந்தாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். வெள்ள மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணுக்கு ஈடாக அங்கேயே வெட்டி எடுப்பதையும் கணக்கில் காட்டுங்கள்.

ஒரு விஷயம்: இங்கே வெயிலடிக்கும்போதே மேல்பகுதியில் பெய்த மழையால் நீர் ஏறலாம். நீர் எந்த மட்டத்துக்கு வந்தால், யார் பூங்கா வாயிலைப் பூட்டுவது என்று எழுத்தில் இல்லாமல் பூங்காவைத் திறக்காதீர்கள். அப்புறம் வெள்ளம் வடிந்ததும் வண்டலை வாரும் செலவு. அது பட்ஜெட்டில் இருக்கிறதா?