எக்ஸிக்யூட்டரின் நீளமும் கொம்பனின் உயரமும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

நான் கோவையில் ஒரு வார்ப்பாலையில், வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செய்யும் பேட்டர்ன் பட்டறையில் வேலை செய்கிறேன். ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் போர்ப் படங்களைப் பள்ளி நாட்களிலிருந்தே பார்த்துவருகிறேன். அவற்றின் வில்லன் டார்த் வேடரின் தலைமை விண்கப்பலான எக்ஸிக்யூட்டரின் நீளம் எவ்வளவு என்பதில் எனக்கும் உடன் வேலை செய்யும் நண்பருக்கும் மூன்று வாரமாக வழக்கு நடக்கிறது. அவரிடம் இருக்கும் பழைய நூலில் 8 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. இன்றைய அதிகாரபூர்வ அளவு 19 கிலோமீட்டர் என்று நான் காட்டினால், "கம்பெனி நாளைக்கு 30 என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொள்வாயா?" என்று கேட்கிறார். இப்போது பேச்சே நின்றுவிட்டது. என் பெரியப்பாவோ, "இல்லாத கப்பலுக்கு இஞ்சுக் கணக்கு எதுக்கு கண்ணு?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? 2014இல் படங்களின் உரிமையாளரான கம்பெனி, பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களை எல்லாம் அதிகாரபூர்வக் கதையில் சேராத 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கிவைத்ததைப் போல, உரிமையாளர் கதையை மாற்றினால் ரசிகன் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா?

ஒரு வாசகர், கணபதி, கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது உங்களுடைய 19ஐ மட்டுமல்லாமல் அவருடைய 8ஐயும் சேர்த்தே சாய்த்துவிடுகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. பழைய நூலும் உரிமையாளரின் அனுமதியுடன் வந்ததுதான். ஆகவே நீங்கள் இருவருமே படத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள் என்பதே என் முதல் குறை.

இந்த 8 எப்படி 19 ஆனது என்பது சுவையான வரலாறு. 1980இல் வந்த இரண்டாவது படத்தில், வரிசையாக நிற்கும் ஸ்டார் டெஸ்ட்ராயர் என்ற போர்க்கப்பல்களில் ஒன்றின் மேல் நிழல் ஒன்று படர்கிறது. அந்த நிழலுக்கு உரிய கப்பலாகத்தான் எக்ஸிக்யூட்டர் அறிமுகமாகிறது. ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர் என்பதில் பெரிய வழக்கு இல்லை. அதைப் போல ஐந்து மடங்கு என்ற கணக்கில்தான் 8 கிலோமீட்டர் நூல்களில் இடம்பிடித்தது. சில ரசிகர்களுக்கு இது உறுத்தியது. இரண்டு கப்பல்களின் முதுகிலும் ஒரே வடிவத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் நிற்கிறது. இரண்டு கோபுரங்களும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு, சிறிய கப்பலின் கோபுரத்தைக் கோலாகப் பிடித்துப் பெரிய கப்பலை அளந்தால், விடை ஐந்து மடங்கில் நிற்காமல் பதினொரு மடங்கை எட்டுகிறது. இந்த வாதம் பல ஆண்டுகள் நீண்டது. அச்சில் வந்த அளவும் 8இலிருந்து 12.8க்கும், பிறகு 17.6க்கும், கடைசியில் 19க்கும் நகர்ந்தது. ஈரோட்டிலிருந்து பெருந்துறை வரையிலான தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும்.

இந்த முறை உங்களுக்குப் புதிதல்ல. டிராயிங் தொலைந்துபோன ஒரு பழைய பம்பின் உடைந்த இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழலும் சக்கரத்தை, யாரோ சாக்குப்பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்? தேயாமல் இருக்கும் ஒரு துளையை முதலில் தேடுவீர்கள். அதில் எந்த ஷாஃப்ட் உட்காரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் வரவழைத்துவிடுவீர்கள். கோபுரத்தைப் பிடித்துக் கப்பலை அளந்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். உங்கள் கட்சி வெல்வது இந்தக் காரணத்தால்தானே தவிர, உரிமையாளர் முத்திரை குத்தினார் என்பதால் அல்ல. அதே சமயம், கோபுரங்கள் ஒரே அளவு என்பது படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அனுமானம் என்பதையும் நண்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 17.6க்கும் 19க்கும் இடையில் நான் உயிரைக் கொடுத்துச் சண்டை போட மாட்டேன். 8க்கு மட்டும் இடமில்லை.

பெரியப்பாவின் கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. கப்பல் இல்லாததுதான். 1977இல் முதல் படத்தின் தொடக்கக் காட்சியில் தலைக்கு மேலே முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் ஸ்டார் டெஸ்ட்ராயர், உண்மையில் சுமார் 91 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மாதிரி. அது துரத்துகிற சிறிய கப்பலின் மாதிரியோ அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். கடையில் விற்கும் பீரங்கி, போர்க்கப்பல் பொம்மைப் பெட்டிகளின் துண்டுகளைப் பிய்த்து ஒட்டித்தான் அந்த மேற்பரப்பையே நிறைத்தார்கள். மாதிரி அசையாமல் நிற்க, கணினி கட்டுப்படுத்திய கேமரா அதன் அடிவயிற்றை ஒட்டினாற்போல ஊர்ந்தது.

அப்படியென்றால் நாம் எதை அளக்கிறோம்? இதற்கும் விடை உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், வேண்டிய பொருளைவிடப் பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகவே செய்கிறீர்கள். அந்த மரக்கட்டை பம்பும் அல்ல, பம்பின் அளவும் அல்ல. ஆனாலும் அதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் மேஸ்திரி சும்மா விடுவாரா? எந்தக் கணக்கில் அது பொய் சொல்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்குக்குள் அது உண்மையாக இருந்தாக வேண்டும். கற்பனைக் கப்பலிடம் ரசிகன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கடைசியாக, கட்டுப்படுவது பற்றி. நம் கொங்குப் பக்கத்தில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அக்கதையை ஒலிப்பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அதே பாடகர் சொல்லச்சொல்ல எழுதிய வடிவத்தையும் தனியாகச் சேகரித்தார். ஒரே வாய் சொன்னவைதான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. எது அதிகாரபூர்வமானது என்று ஊரில் யாரும் பஞ்சாயத்து கூட்டவில்லை. கதை எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் இடத்தில் 'லெஜண்ட்ஸ்' என்ற ஒதுக்குப்புறத்துக்குத் தேவையே இல்லை. ஸ்டார் வார்ஸுக்கு உரிமையாளர் உண்டு. அடுத்து எடுக்கும் படங்களைப் பழைய நாவல்கள் கட்டிப்போடக் கூடாது என்று அவர் வேலி போட்டார். எதை இனித் தொடரப் போகிறார் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் படித்து மனத்தில் வைத்திருப்பதை நடக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதையில் வரும் கொம்பன் என்ற பன்றி, உடுக்கை ஏறும் இரவில் மலையளவு வளரும், பாடகர் களைத்த இரவில் சற்றுக் குறையும். எந்தக் கிழவரும் எழுந்து "நேற்று இதைவிடப் பெரிதாக இருந்ததே" என்று கேட்பதில்லை, ஏனென்றால் கொம்பனை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. திரைப்படம் கண்ணுக்கு முன்னால் காட்டிவிடுகிறது. காட்டிய பிறகு அதன் அளவு உரிமையாளருக்கும் மாற்ற முடியாத சாட்சியம் ஆகிவிடுகிறது. 30 என்று நாளைக்கு ஓர் அறிவிப்பு வந்தால், கோபுரத்தை அளந்து மறுக்கும் உரிமை உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் சமமாகவே இருக்கிறது. அவருடைய கேள்விக்கு என் பதில் இதுதான்.

(அந்தக் கொம்பனை வீழ்த்துவது பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய். 1983இல் வந்த மூன்றாவது படத்தில் எக்ஸிக்யூட்டரை வீழ்த்துவதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் போய் மோதுகிற ஒற்றை ஆள் விமானம். நம் கிழவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.)

இரண்டு கப்பல்களும் சேர்ந்து தெரியும் ஒரு காட்சியைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். தேநீர் இடைவேளையில் நண்பரின் முன்னால் அதை வைத்து, வெர்னியர் அளவுகோலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியும் என்பதை அவரே சொல்லுவார். சொன்னால் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது என்று பொருள். என்ன அளவு வந்தது என்று எழுதுங்கள். 8 வந்தாலும் எழுதுங்கள்.