மலை நடைக்குக் கட்டுசோறு: கேள்வி பதில்

கொடைக்கானல் பக்கம் இரண்டு நாள் நடக்கிறோம். முதல் நாள் காலையில் கட்டும் புளியோதரை மறுநாள் மதியம் வரை தாங்குமா அக்கா?

தாங்காது. நன்றாகப் புளிப்பேறியிருந்தால் அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வேண்டாம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு ஆறி 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைத்துப் பெருகும், நச்சையும் உண்டாக்கும். அந்த நச்சை 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ஆகவே ‘திரும்பச் சூடு பண்ணிச் சாப்பிடலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சரிவில் பாதி தூரம் ஏறியிருப்பீர்கள்.

சோற்றைச் சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடுவதுதான் பெரிய தவறு. நடுவில் இருக்கும் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, விசிறி, ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க ஆறவைத்துப் பிறகு கட்டுங்கள்.

சப்பாத்தி?

ஒன்றரை நாள். மாவில் பால், தயிர் சேர்க்க வேண்டாம். கம்பித் தட்டில் ஒவ்வொன்றாக ஆறவைத்துத் துணியில் சுற்றுங்கள். சூட்டோடு அடுக்கினால் ஆவி நீர்த்துளியாகி நடுச் சப்பாத்தியில் பூஞ்சை பிடிக்கும்.

வேகவைத்த முட்டை நல்லதா, பச்சை முட்டையா?

பச்சை முட்டை. பலரும் நேர்மாறாக நினைக்கிறார்கள். கழுவாத முட்டையின் ஓட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும், ஓட்டின் நுண்துளைகளை அதுதான் அடைத்து வைக்கிறது. வேகவைத்தால் படலம் போய்விடும், துளை திறந்துவிடும். வேகவைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். கழுவாத பச்சை முட்டையை அவல் டப்பாவுக்குள் புதைத்து எடுத்துப் போனால் உடையாது, மூன்று நான்கு நாள் கெடாது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

அக்கா, புளியோதரை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் காசி யாத்திரைக்கே கட்டிக்கொண்டு போனார்கள். நல்லெண்ணெயும் புளியும் இருக்கும்போது எப்படிக் கெடும்?

நானும் அதையேதான் கேட்கிறேன். கோயில் பிரசாதத்தை மறுநாளும் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாள்பட நிற்பது புளிக்காய்ச்சல். புளிக்காய்ச்சல் கலந்த சோறு நிற்காது.

காய்ச்சலில் புளிப்பு கடுமை, உப்பு அதிகம், தண்ணீர் வற்றியிருக்கும். கிருமி வளர அங்கே வழியில்லை. அதையே சோற்றில் பிசைந்தால் புளிப்பு பருக்கையின் மேலோடு நிற்கும், உள்ளே ஈரமும் மாவும் அப்படியே இருக்கும். எல்லாப் பருக்கைக்கும் ஒரே அளவில் புளிப்பு ஏறுவதுமில்லை. எண்ணெய் கிருமியைக் கொல்லாது, சோறு காயாமல்தான் காக்கும். கெட்டதெல்லாம் நூல் விட்டு நாறும் என்றும் நம்பாதீர்கள். இந்த நச்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. ‘ஒன்றும் ஆனதில்லை’ என்பது அந்தந்த நாளின் சூட்டையும் சோறு ஆறிய விதத்தையும் பொறுத்தது.

அப்படியானால் காய்ச்சலை மட்டும் கொண்டுபோய் அங்கே சோறு வடிக்கலாமா?

முகாமில் அடுப்புக்கு அனுமதி இருந்தால் தாராளமாக. காட்டுக்குள் எங்கும் தீ மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்தது நினைவிருக்கும்.

எட்டுப் பேருக்கு: 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், மஞ்சள் தாளித்துக் கொதிக்க விடுங்கள். உப்பைத் தூக்கலாகப் போடுங்கள். எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். கோடு மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஈரமில்லாத சில்வர் டப்பாவில் போடுங்கள், ஈரக் கரண்டி விடாதீர்கள்.

பூண்டை எண்ணெயில் போட்டு எடுத்துப் போகலாமா? இட்லிப் பொடிக்குத் தொட்டுக்கொள்ள.

வேண்டவே வேண்டாம். பச்சைப் பூண்டில் புளிப்பு இல்லை, எண்ணெய்க்கு அடியில் காற்றும் இல்லை. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோய் வர இவ்வளவு போதும். பொடியைத் தனியாக, எண்ணெயைத் தனியாகக் கொண்டு போங்கள்.

சிக்கன் குழம்பை உறையவைத்து எடுத்துப் போனால்?

முதல் இரவுக்கு மட்டும். பனிக்கட்டியாக உறைந்ததைச் செய்தித்தாளில் நான்கைந்து சுற்றுச் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். பிரிக்கும்போது நடுவில் பனித்துகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். திரும்பக் கொதிக்கவைத்துச் சமாளிக்க முடியாது, சோற்றுக்குச் சொன்ன காரணமேதான்.

எலுமிச்சை சாதம் மறுநாள்...

முதல் பதிலைப் படியுங்கள்.

தக்காளி சாதம்?

அதுவும் சோறுதான். சோறு எதுவானாலும் பதில் ஒன்றே.

தயிர் சாதம் மட்டும் விதிவிலக்கா?

இல்லை. வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தது மதியத்துக்கு நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

கைக்கு ஜெல் போதுமா?

போதாது. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸை ஜெல் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் சோறு பிசையக் கூடாது. காயத்துக் கிருமியின் நச்சும் சூட்டுக்கு அடங்காது.

ஓடைத் தண்ணீர்?

கொப்பளித்துக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள்.

நாங்கள் போகும் காட்டில் அடுப்பே கூடாது. இரண்டாம் நாளுக்கு என்ன செய்வது? புளியோதரை ஆசை விடவில்லை.

தம்பி, உங்களுக்கு இருக்கவே இருக்கிறது அவல். கெட்டி அவல் ஆளுக்கு 80 கிராம், உலர்ந்த டப்பாவில். சாப்பிடும் இடத்தில், வீட்டில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்துப் பிசறி இருபது நிமிடம் மூடி வையுங்கள். மெல்லிய அவலுக்கு ஐந்து நிமிடம் போதும், மேலே விட்டால் குழைந்துவிடும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்றரை மேசைக்கரண்டி புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசையுங்கள். ஊறிய அவலும் ஈரச் சோறு மாதிரிதான், அந்த வேளைக்கே முடியும் அளவுக்கு மட்டும் ஊறவையுங்கள். மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கரடிக்கும் யானைக்கும் அந்த வாசனை எட்டும்.