கத்திரி வெயிலும் சாலைப் பயணமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை பைக்கில்தான் இருக்கிறேன். பிற்பகலில் தலை கனத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. பல மாதங்களாக இதே வேலையைச் செய்பவர்களுக்கு இப்படி ஆவதில்லையே, ஏன்? (வாசகர், வேலூர்)

பதில்: வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். அதனோடு வெளியேறும் உப்பும் குறையும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன் முழு நேரமும் வெயிலில் நிற்பவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஆகவே, முதல் சில நாட்களுக்காவது நண்பகல் 12 முதல் 3 மணி வரையிலான நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அதை மாலையில் ஈடுகட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பைக்கில் போகும்போது காற்று படுவதால் உடம்பு குளிர்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ்தான். வேலூரில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்தக் காற்று உடம்புக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வியர்வையும் சுரந்த வேகத்தில் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. தாகத்துக்காகக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்ற கணக்கில் தண்ணீர் குடியுங்கள். இடையிடையே உப்புப் போட்ட மோர் நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்கினால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

ஹெல்மெட்டை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வண்டியை நிறுத்தும் இடங்களிலெல்லாம் நிழலில் நின்று ஹெல்மெட்டை எடுத்துவிட்டு மீண்டும் அணியுங்கள். வெப்பத்தில் உடம்பு தளர்வதற்கு முன்பே கவனமும் நிதானமும் தளர்ந்துவிடுகின்றன. பிரேக் பிடிப்பதில் ஒரு நொடி தாமதம், எதிரே வரும் வண்டியின் தூரத்தைத் தவறாகக் கணிப்பது என்று அது வெளிப்படும். தலைவலியோ குமட்டலோ தொடங்கினால், கையிலுள்ள ஆர்டரை எண்ணிப் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும்.

கேள்வி: நூறு நாள் வேலையின்போது எங்களோடு இருந்த அக்கா ஒருவர் மயங்கி விழுந்தார். சிலர் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். சிலர் ஆட்டோ வரட்டும் என்று காத்திருந்தார்கள். எது சரி? (வாசகி, பெரம்பலூர்)

பதில்: இரண்டுமே சரியல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும்தான் ஊர்தோறும் செய்கிறோம். நினைவில்லாதவருக்கு வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அவருக்கு மனத்தெளிவு இருக்கிறதா என்பது. தலைசுற்றல், அதிக வியர்வை, கால் பிடிப்பு, வாந்தி ஆகியவை இருந்தாலும் தெளிவாகப் பேசுகிறார் என்றால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும், இரண்டையும் தலை தட்டி அளந்து, கலந்துகொள்ளலாம்.

ஆனால் அவர் பிதற்றுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். அப்போது உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்று தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நம்புகிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுபவர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். 108-ஐ அழைத்த அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். குடம் குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றி, முந்தானையாலோ அட்டையாலோ விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வாந்தி எடுக்கும் நிலையில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதில் பயன் தராது. முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்குவதைப் பொறுத்தே மூளையும் சிறுநீரகமும் பிழைக்கின்றன. ஆகவே, வண்டி வரும்வரை சும்மா காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: குடும்பத்தோடு காரில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறோம். கோடையில் டயர் வெடிக்கும் என்பதால் காற்றைக் குறைத்து அடிக்கச் சொல்கிறார்கள். சரியா? (வாசகர், விருதுநகர்)

பதில்: அது தவறு. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிவதால் அதிகமாகச் சூடேறுகிறது. வெடிப்பதற்கு அதுவே வழி செய்கிறது. கார் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் காற்றுப் பிடியுங்கள். ஓடிச் சூடான பின் அளவு கூடுதலாகக் காட்டினால் அதை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு அதன் ஆண்டையும் குறிக்கும். 1819 என்றால் 2019-இன் 18-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் அப்படியே பாருங்கள், ஏனெனில் பல வண்டிகளில் அது ஓடாமலே பழசாகியிருக்கும். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல், குறைந்த கியரில் இறங்குங்கள்.

வழியில் சாப்பிட நிறுத்தும்போது, தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் காரிலேயே விட்டுப் போகும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறும். கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது. குழந்தையின் உடம்போ பெரியவர்களின் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ஏசியை ஓடவிட்டுப் போவதும் பாதுகாப்பல்ல. என்ஜின் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. பேருந்துப் பயணத்தில் என்ன கவனம் தேவை? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானையோ குளிர்ப்பையோ போதும். ஐஸ் கட்டியோடு நேராகப் படும்படி வைத்தால் உறைந்து வீணாகிவிடும். உங்கள் மாத்திரைகளில் நீர் பிரியச் செய்யும் மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால் கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்ல எண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது.

கோடையில் மட்டும் இன்னொரு கவனம் தேவை. நண்பகல் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடக்கூடும். விழுந்து கிடப்பவருக்கு அதனாலேயே தீக்காயம் உண்டாகலாம். போக்குவரத்தைத் தடுத்து நிறுத்திவிட்டு, குடை பிடித்து நிழல் கொடுங்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்பதால் தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து மெல்லத் திருப்பி, அடியில் போர்வையையோ சாக்கையோ விரித்துவிட்டு, 108 வண்டி வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள்.