சாயங்கால அழுகையும் சொட்டு மருந்தும்

கேள்வி: என் மகனுக்கு 5 வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். சாயங்காலம் 6 மணி ஆனால் காலை மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க 2 மணி நேரம் அழுகிறான். வயிறு கல் மாதிரி இருக்கிறது. காற்று பிரிந்தால் கொஞ்சம் அடங்குகிறான். மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தில் பலனில்லை. பால் பற்றவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உரம் விழுந்திருக்கும், தூக்கும்போது சுளுக்கிக்கொண்டிருக்கும் என்கிறார் மாமியார். நான் பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் விட்டுவிட்டு ரசம் சாதத்தில் நாளை ஓட்டுகிறேன். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள் அம்மா. பருப்பு உங்கள் குடலில் கிளப்பும் காற்று பால் வழியாகப் போய்ப் பிள்ளையின் வயிற்றில் உட்காராது. பிள்ளை பெற்றவளை ரசம் சாதத்தில் வாட்டுவதால் அவள்தான் சோர்ந்து போகிறாள், பிள்ளையின் அழுகை குறைவதில்லை.

இந்தச் சாயங்கால அழுகை 2, 3 வாரத்தில் தொடங்கும், 6 வாரத்தில் உச்சிக்குப் போகும், 3 அல்லது 4 மாதத்தில் தானாக அடங்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடினாலும் பதறாதீர்கள். அழும்போது பிள்ளை காற்றையும் சேர்த்து விழுங்குகிறான், வயிற்றை முறுக்குகிறான். கல் மாதிரி இருப்பது பாதி அதனால்தான். ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் போகிறானா? எடை ஏறுகிறதா? அப்படியென்றால் பால் போதும். அக்காவுக்கு அதையே சொல்லுங்கள்.

காற்று உள்ளே போவதைக் குறைப்பதுதான் உங்கள் வேலை. பால் குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அவன் காம்பை மட்டும் பிடித்திருக்கிறான், ஓரத்தில் காற்று போகிறது. சுண்டுவிரலை அவன் வாயோரம் விட்டு மெதுவாக எடுத்துவிட்டு, வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, கருவட்டமும் பெருமளவு உள்ளே போகும்படி மறுபடி பிடிக்க வையுங்கள். முகவாய் மார்பில் பதிய வேண்டும், மூக்கு அடைபடக் கூடாது. பால் பீறிட்டு வந்து அவன் திணறினால், தலையணை வைத்துப் பின்னால் சாய்ந்துகொண்டு அவனை உங்கள் மேல் போட்டுக் கொடுங்கள். பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் அடங்கும்.

அப்புறம் ஏப்பம். தோளில் போட்டுத் தட்டுவது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது மடியில் உட்கார வைப்பது. ஒரு உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்து, விரல்களால் தாடை எலும்பைத் தாங்குங்கள். தொண்டையில் விரல் படக் கூடாது. லேசாக முன்னால் சாய்த்து, மறு கையால் முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். 5 நிமிடம் போதும். ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தாய்ப்பால் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் வர வேண்டும் என்றில்லை. இதற்காகத் தூங்கும் பிள்ளையை எழுப்பித் தட்டும் பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பால் கொடுத்து அரை மணி கழிந்த பிறகு கால்களை சைக்கிள் ஓட்டுவது போல மடக்கி நீட்டலாம். வயிற்றைத் தடவினால், உங்கள் இடது பக்கம் மேலேறி வலது பக்கம் இறங்கும்படி தடவுங்கள். அழும்போது முன்னங்கையில் குப்புறப் போட்டு நடப்பதும் நன்றாக வேலை செய்யும். தூங்க வைப்பது மட்டும் மல்லாத்தித்தான்.

இனி அந்த மெடிக்கல். சொட்டு மருந்தின் அட்டையில் சிமெத்திகோன் என்று இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. ஆனால் டைசைக்ளோமின் என்று இருந்தால் குப்பையில் போடுங்கள். 6 மாதத்துக்குக் கீழுள்ள பிள்ளைக்கு அது மூச்சையே நிறுத்தலாம், வலிப்பு வரலாம். மருத்துவச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கிறார் என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது? கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் பிறந்தது. பழைய கலவையில் சாராயம் இருந்தது, பிள்ளைகள் அமைதியாகத் தூங்கியதில் ஆச்சரியமில்லை! இப்போது சாராயம் இல்லை, ஆனால் 6 மாதம் வரை தண்ணீரே வேண்டாத பிள்ளைக்கு இனிப்பு நீர் எதற்கு?

பவுடர் பாலை விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 'பால் பற்றவில்லை' என்ற ஒரு வார்த்தை போதும், டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஆஸ்பத்திரி ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரசவமான தாய் பால் கொடுப்பதை 10 நிமிடம் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை, மருந்து எழுத மட்டும் பேனா ரெடியாக இருக்கிறது.

உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் கைக்கும் வேலை வேண்டும், முன்னங்கையில் போட்டு நடக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு, அது மாட்டுப்பால். மலத்தில் சளியும் ரத்தக் கோடுகளும் வந்தால், கூடவே தோலில் சொறி போலத் தடித்திருந்தால், நீங்கள் குடிக்கும் பாலின் புரதம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிட்டு 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்துவது என்றால் காபி, டீ மட்டுமல்ல. தயிர், மோர், பன்னீர், பால்கோவா, பால் பவுடர் கலந்த பிஸ்கட், சத்துமாவு பானங்கள், எல்லாமே. 'மோர் தானே, தண்ணியா ஒரு டம்ளர்' என்று ஒருவர் ஊற்றிக் கொடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும். எருமைப்பாலுக்கும் ஆட்டுப்பாலுக்கும் மாறினாலும் பயனில்லை, புரதம் ஏறக்குறைய அதேதான். அந்த நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்கு ராகி, எள், கீரை, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் சேருங்கள். குணம் தெரிந்தால் மறுபடி பால் குடித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் திரும்பி வந்தால்தான் அது உறுதி. உங்கள் கடிதத்தில் ரத்தம் என்ற பேச்சே இல்லை. அதனால் தயிர் சாதம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பச்சையாக வாந்தி, 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, அழாதபோதும் உப்பியே இருக்கும் வயிறு: இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வழக்கத்துக்கு மாறாக அலறினால் கால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள், தலைமுடி சுற்றியிருக்கலாம்.

அடுத்த வாரம் 6 வாரத் தடுப்பூசி வருகிறது. அன்று துணியில்லாமல் எடை போடச் சொல்லி அட்டையில் எழுதி வாங்குங்கள். நர்ஸ் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை பால் கொடுத்து, பிடி சரியா என்று கேளுங்கள். அன்று ராத்திரி அழுதால் பெரும்பாலும் ஊசி வலிதான், அதற்கும் வாயு என்று சொல்லிப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.