கடல் நடுவே கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கேள்வி பதில்

காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு கடல் ரேடியோ பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "பாலாத்துலயே தண்ணி இல்ல, உனக்கு எதுக்குய்யா கடல்?" என்றார். சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வயிறு கழுவியவன் நான். இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் வார இறுதியில் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய், படகு எடுத்துத் தூண்டில் போடவும் பாய் விரிக்கவும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களும் வீட்டாரும் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில்.

ஆற்காட்டிலிருந்து: சார், நாங்கள் நாலு பேர், கரையிலிருந்து 20 கி.மீ. வரை போகிறோம். எல்லோரிடமும் போன், இரண்டிரண்டு சிம். போதாதா?

போதாது தம்பி. டவர்களெல்லாம் ஊரைப் பார்த்து நிற்பவை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதைவிடப் பெரிய குறை வேறு. போனில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். இரண்டு மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருக்கிற விசைப்படகுக்கு நீங்கள் தத்தளிப்பது தெரியாது. உங்களை முதலில் தூக்கப் போவது பெரும்பாலும் அந்தப் படகுதான்.

போனை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். 1554 இந்தியக் கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் போலீஸ். இரண்டையும் நாலு போனிலும் இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: வி.எச்.எஃப். என்கிற படகு ரேடியோவைக் கையில் பிடிப்பதாக வாங்கலாமா, படகில் பொருத்துவதா? கையடக்கம் 5 வாட், பொருத்துவது 25 வாட் என்றால் ஐந்து மடங்கு தூரம் போகுமா?

போகாது. பாலமதி மலைமேல் ஏறி நின்றால் காட்பாடி வரை தெரிகிறது. இறங்கி வந்தால் அடுத்த தெரு தெரியாது. உங்கள் கண் மாறவில்லை, நிற்கிற உயரம்தான் மாறியது. வி.எச்.எஃப். அலையும் கண்பார்வை மாதிரி நேராகப் போவது. கடலின் வளைவுக்குக் கீழே போனவனுக்கு அது கேட்காது. அதனால் வாட்டைவிட ஆன்டெனாவின் உயரம் முக்கியம்.

நாங்கள் மனக்கணக்காகப் போடுவது இது. ஆன்டெனா உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனா பார்க்கிற தூரம் கடல் மைலில் வரும். (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.) இரண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்ட வேண்டும். படகில் உட்கார்ந்து கையில் பிடித்தால் உயரம் ஒரு மீட்டர், அதாவது 2.2 மைல். எதிரில் இருப்பவனும் அப்படியே என்றால் மொத்தம் நாலரை மைலுக்குள்தான். ஆனால் 36 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த சரக்குக் கப்பல் என்றால் அதன் பங்கு 13 மைல், ஆக 15 மைல் வரை உங்கள் குரல் போகும். கழியில் நாலு மீட்டர் உயரத்துக்கு ஆன்டெனாவை ஏற்றினால் உங்கள் பங்கே இரண்டு மடங்காகிவிடும்.

ஆகவே 25 வாட் பொருத்தியது ஒன்று, கையில் ஒன்று, இரண்டும் வேண்டும். படகு கவிழ்ந்தால் பொருத்தியது பேட்டரியோடு உள்ளே போய்விடும். கையடக்கத்திலும் என் கதை ஒன்று உண்டு. பழவேற்காட்டுப் பக்கம் மருமகனோடு போனபோது செட்டைப் பையில் போட்டு வைத்தேன். எடுத்துப் பார்த்தால் உயிரில்லை. குமிழ் எதிலோ உரசித் திரும்பி, இரவு முழுக்க அது பையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயுள் முழுக்க ரேடியோ ஆபீசர்! அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றித்தான் பையில் வைக்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து: ஆபத்தில் மைக்கை எடுத்து என்ன சொல்வது? இங்கிலீஷ் தடுமாறும்.

சேனல் 16-ல் வையுங்கள், 156.8 மெகா ஹெர்ட்ஸ். கப்பல்கள் எல்லாம் காது வைத்திருப்பது அங்கேதான். நிதானமாக இப்படிச் சொல்லுங்கள்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ்" என்று சொல்லிப் படகின் பெயரை மூன்று முறை. பிறகு "மேடே" ஒரு முறை, படகின் பெயர் ஒரு முறை. அடுத்து இடம்: "13 டிகிரி 05 மினிட்ஸ் நார்த், 80 டிகிரி 45 மினிட்ஸ் ஈஸ்ட்". இது சென்னைத் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய 26 மைல். அப்புறம் என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும். "ஓவர்" என்று சொல்லிவிட்டு விரலை எடுங்கள். விரலை எடுக்காமலே "பதில் வரலையே" என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடித்ததும் அதையே தமிழிலும் ஒரு முறை சொல்லுங்கள். நம் கடலோரத்தில் செட் வைத்திருக்கிற மீனவர் பேசுவது தமிழ்தானே. முதலில் ஓடி வருவதும் அவர்தான்.

ரேடியோவில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருந்தால் அதைத் திறந்து, மூடியில் எழுதியபடி சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அது சேனல் 70 வழியாக உங்கள் அடையாள எண்ணையும் இடத்தையும் தானே அனுப்பும். ஆனால் எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அந்த ஒன்பது இலக்க அடையாள எண்ணை முன்கூட்டியே ஏற்றி, ஜி.பி.எஸ். ஒயரையும் இணைத்திருக்க வேண்டும். எண் 419 என்று தொடங்கினால் இந்தியப் படகு. ரேடியோவுக்கான உரிமம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் வாங்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டது, கடல் அமைதி, நங்கூரம் பிடிக்கிறது என்றால் அது மேடே இல்லை. "பான் பான்" மூன்று முறை போதும். மேடே உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்.

எங்கள் காலத்து ரேடியோ அறைக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18, 45 முதல் 48 நிமிடங்கள் சிவப்பாகத் தீட்டியிருக்கும். அந்த மூன்று நிமிடம் 500 கிலோ ஹெர்ட்ஸில் யாரும் மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடக்கூடாது. பலவீனமான எஸ்.ஓ.எஸ். ஏதாவது வருகிறதா என்று கடல் முழுக்கச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். 1999 பிப்ரவரியில் கப்பல்களுக்கான புதிய ஆபத்து அழைப்பு முறை முழுதாக வந்து அந்த வழக்கம் போய்விட்டது. எனக்கு இன்னும் கடிகாரம் 15-ஐத் தொட்டால் காது நிமிரும்.

ஆம்பூரிலிருந்து: அண்ணே, மச்சான் துபாயிலிருந்து சாட்டிலைட் போன் கொண்டுவருகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக்கூடாது. விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் மாதிரிக் கருவியோடு வந்த வெளிநாட்டவர்கள்கூட இங்கே சிக்கியிருக்கிறார்கள். மச்சானின் விடுமுறை ஸ்டேஷனில் கழியும். முறையாக வேண்டுமென்றால் பி.எஸ்.என்.எல். வழியாக, அனுமதியோடு, இன்மார்சாட் சாட்டிலைட் போன் வாங்கலாம். ஐபோனின் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ்.ஸையும் நம்ப வேண்டாம். அந்தச் சேவை இங்கே கிடையாது.

குடியாத்தத்திலிருந்து: என்னிடம் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் இருக்கிறது. சீன வாக்கி டாக்கியில் 156.8 அடிக்கலாமே?

உயிர் போகும்போது எந்தக் கருவியில் கூப்பிட்டாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அதையே திட்டமாக வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தச் செட் ஒரு அலை அடித்தாலே போய்விடும், சிவப்புப் பொத்தானும் இல்லை. உங்களிடம் எச்.எஃப். என்கிற நெடுந்தூர செட் இருந்தால் அது வேறு. 14.300 மெகா ஹெர்ட்ஸில் கடலோடிகளுக்காகக் காது கொடுக்கிற ஹாம்கள் உண்டு. ஆயிரம் மைலும் எட்டும்.

அரக்கோணத்திலிருந்து: எபிர்ப் என்கிறார்களே, அதை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கும்?

நல்ல ஊரிலிருந்து கேட்டீர்கள். எபிர்ப் என்பது ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் சிறு கருவி, அவசர பீக்கன் என்றும் சொல்வோம். 2018 செப்டம்பர் 21 அன்று கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியாகப் பாய்மரத்தில் உலகைச் சுற்றும் போட்டியில், பெர்த்துக்கு ஏறக்குறைய 1,900 கடல் மைல் மேற்கே புயலில் சிக்கினார். படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் அடி, எழ முடியவில்லை. அவரால் முடிந்தது ஒரு சிறு கருவியில் சில சொற்களைத் தட்டி அனுப்புவதும் அவசர பீக்கனை இயக்குவதும்தான். மொரீஷியஸிலிருந்து கிளம்பிய நம் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டது. உங்கள் ஊர் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் தலைக்கு மேல் பறக்கிறதே, அதே ரகம். 24-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் அவரைத் தூக்கியது.

எபிர்ப் 406 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 50 நொடிக்கு ஒரு முறை துடிக்கும். காஸ்பஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடிக்கும். இந்தியாவுக்கான மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். பேட்டரி 48 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. ஜி.பி.எஸ். உள்ளே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் தேடும் வட்டம் சில கிலோமீட்டர் விரியும். வாங்கியதும் பெங்களூர் மையத்தில் பதிவு செய்யுங்கள். பதியாத பீக்கன் கத்தினால் யார் என்று தெரியாது, வீட்டுக்குப் போன் பண்ணவும் வழியில்லை. பழைய 121.5 மெகா ஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பீக்கனை யாராவது மலிவாகத் தள்ளினால் வாங்காதீர்கள். 2009 பிப்ரவரியோடு செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

திருப்பத்தூரிலிருந்து: ஏலகிரி ஏரியில் படகு விடும்போதும் இதெல்லாம் வேண்டுமா?

லைஃப் ஜாக்கெட்டும் விசிலும் போதும் ராசா.

சத்துவாச்சாரியிலிருந்து: ஐயா, கடலுக்குப் போவது என் வீட்டுக்காரர். கரையில் இருக்கிற நான் என்ன செய்வது?

இத்தனை கேள்வியில் இதற்குத்தான் காத்திருந்தேன் அம்மா. அவர் கிளம்பும் முன் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். படகின் பெயர், பதிவெண், நிறம், எத்தனை பேர், எந்தத் துறையிலிருந்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரம், திரும்பும் நேரம், எம்.எம்.எஸ்.ஐ. எண், பீக்கன் எண். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். "சாயங்காலம் வந்துடுவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள், மணி வேண்டும்.

ஏழு மணி என்று எழுதியிருந்தால் ஏழரைக்கு அவருக்குப் போன், அப்புறம் படகுத் துறைக்குப் போன். இரண்டிலும் தகவல் இல்லையென்றால் எட்டு மணிக்கு 1554. தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கூச்சப்படாதீர்கள். அவர் கரையேறி டீ குடித்துக்கொண்டிருந்தால் திட்டு அவருக்குத்தான் விழும்.